ஊசி அறையும் ஊர்க் கூட்டமும்

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலயே தூள் ஏத்த இடம் கட்டிக் குடுத்திருக்கிறாங்கள். அதுவும் எங்கட வரிக் காசில!"

மெல்பேணில் எம்மவர் கடைகளிலும், கோயில் மண்டபங்களிலும், பிறந்தநாள் விழாக்களிலும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சொல்பவர்களில் அநேகர் அந்த இடத்துப் பக்கம் போனவர்கள் அல்லர். இருந்தாலும் அவர்களுடைய கோபம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். ஊசி, பள்ளிக்கூடம் என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் கேட்டால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

இவ்விடயம் பற்றி எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். "இதையெல்லாம் எங்கட சஞ்சிகையில எழுத வேணுமோ?" என்று கேட்டவர்களும் உண்டு. எழுத வேண்டும் என்பதே என் முடிவு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல அங்கே யாரும் யாருக்கும் போதைப்பொருள் கொடுப்பதில்லை. வருபவர் தான் வெளியில் வாங்கியதைத் தானே கொண்டு வருகிறார். தாதியர் அவருக்குப் புதிய ஊசியும் சுத்தமான மேசையும் கொடுக்கிறார்கள். ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார். தாதியின் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. ஹெரோயின் அளவு மீறினால் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: மூளை மூச்சுவிட மறந்துவிடுகிறது. உதடு நீலம் பாய்கிறது, குறட்டைபோல ஒரு சத்தம் வருகிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஓர் ஆள் நின்று ஒட்சிசன் கொடுத்து, தேவைப்பட்டால் நலொக்ஸோன் என்ற மருந்தையும் ஏற்றினால், அநேகமாகச் சில நிமிடங்களில் மூச்சுத் திரும்பிவிடும். ஆள் இல்லாவிட்டால், பூட்டிய கழிவறைக்குள் அதே சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஊசி அறை என்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

சிலர் இதைத் தமிழில் "பாதுகாப்பான ஊசி அறை" என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் வாங்கும் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது, அதை உடம்பில் ஏற்றுவதில் எங்கே பாதுகாப்பு? சட்டத்திலும் "மருத்துவ மேற்பார்வை" என்றுதான் இருக்கிறது. மேற்பார்வை என்ற சொல்லையே நாமும் பாவிப்போம். கூட்டங்களில் பாதிச் சண்டை சொல்லால்தான் வருகிறது.

உலகில் சட்டபூர்வமான முதல் ஊசி அறை 1986 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் திறக்கப்பட்டது. எம்மவர் பலர் அகதிகளாக அந்த நாட்டில் வந்து இறங்கிய அதே காலம். அங்கே அந்நாட்களில் பத்திரிகைகள் சில தமிழ் இளைஞர் என்றாலே தூள் விற்பவர் என்ற பாணியில் எழுதின. ஒரு சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே தலைகுனிந்து நடந்த காலம் அது. அந்தச் சூடு இன்னும் எங்கள் மூத்தவர்களிடம் இருக்கிறது. போதைப்பொருள் என்ற பேச்சு எழுந்ததும் "அது எங்கட ஆக்களின்ர பிரச்சினை இல்லை" என்று அவசரமாகச் சொல்லும் பழக்கம் வெறும் கௌரவத்தால் மட்டும் வந்ததல்ல.

அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். இங்கே முதல் அறை சிட்னியில், கிங்ஸ் குறொஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே, 2001 மே மாதம் திறக்கப்பட்டது. அது ஓர் இரவில் வந்ததல்ல. பொலிஸ் ஊழலை விசாரித்த ஆணைக்குழு 1997 இலேயே அந்த யோசனையைச் சொல்லியிருந்தது. பாராளுமன்றக் குழு ஒன்று 1998 இல் அதை மறுத்தது. 1999 மே மாதம் நியூ சவுத் வேல்ஸ் அரசு போதைப்பொருள் மாநாட்டைக் கூட்டிய நாட்களில், கிங்ஸ் குறொஸில் உள்ள வேசைட் தேவாலயத்தார் சட்டத்தை மீறித் தங்கள் கட்டடத்திலேயே ஓர் அறையைத் திறந்தார்கள். பொலிஸ் புகுந்தது. ஆனால் விடயம் நாடெங்கும் பேச்சாகிவிட்டது. முதலில் இதை நடத்த முன்வந்தவர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். வத்திக்கான் வேண்டாம் என்றதும் அவர்கள் விலக, யுனைற்றிங் திருச்சபை பொறுப்பை ஏற்றது. வர்த்தகர் சங்கம் நீதிமன்றம் போய்த் தோற்றது. மாநாட்டுக்கும் கதவு திறந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள். அந்த இரண்டு வருடமும் சண்டையும் கூட்டமும்தான். 2010 இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. இன்றுவரை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அளவுமீறல்கள் அங்கே கையாளப்பட்டுள்ளன, அதில் ஒருவரும் இறக்கவில்லை என்பது அந்த நிலையத்தின் பதிவு. அயலவரின் ஆதரவும் திறந்த பின்னர் கூடியதே தவிரக் குறையவில்லை.

மெல்பேணின் கதை வேறு விதமானது. எமக்குப் படிப்பினையும் அதில்தான் அதிகம்.

வட றிச்மண்டில் விக்ரோறியா வீதியைத் தெரியாத மெல்பேண்காரர் இருக்கமாட்டார்கள். மலிவாக மீனும் கீரையும் வாங்க எம்மவரும் போகும் இடம். எழுபதுகளின் கடைசியிலிருந்து படகேறி வந்த வியட்நாமிய அகதிகள் கட்டியெழுப்பிய தெரு அது. பின்னால் உயர்ந்து நிற்பவை அரசாங்க அடுக்குமாடிகள்: வியட்நாமியர், சீனர், ஆபிரிக்கர் என்று பல நாட்டுக் குடும்பங்கள். அந்தத் தெருவிலும் சந்துகளிலும் பல வருடமாக ஹெரோயின் விற்பனை பகிரங்கமாக நடந்தது. வாகனத் தரிப்பிடங்களிலும் படிக்கட்டுகளிலும் ஊசிகள் கிடந்தன. அந்த வட்டாரத்தில் வாங்கிய அல்லது ஏற்றிய ஹெரோயினால் 2016 ஆம் ஆண்டில் மட்டும் 34 பேர் இறந்தனர்.

மேற்பார்வை அறை வேண்டும் என்று கேட்டவர்களில் அந்த அயலில் குடியிருந்தவர்களும் இருந்தனர். தங்கள் வீட்டு வாசலில் பிணம் கிடப்பதைப் பார்த்துச் சகிக்காத சாதாரண மனிதர்கள். அம்புலன்ஸ் ஊழியர் சங்கம் அவர்களுடன் நின்றது. 2017 பெப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி ஒருவர், அங்கு இறந்த ஒரு பெண்ணின் வழக்கில், பரீட்சார்த்தமாக ஓர் அறை திறக்கும்படி சிபாரிசு செய்தார். முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த முதல்வர் டானியல் அன்ட்றூஸ் அவ்வருட ஒக்டோபர் கடைசியில் மனம் மாறினார். டிசெம்பரில் சட்டம் நிறைவேறியது. 2018 யூன் 30 இல் லெனொக்ஸ் வீதியில் உள்ள வட றிச்மண்ட் சமூக சுகாதார நிலையத்துக்குள் கதவு திறந்தது. பக்கத்துக் காணி ஓர் ஆரம்பப் பாடசாலை.

கணக்குப் பாருங்கள்: அறிவிப்பிலிருந்து திறப்பு வரை எட்டு மாதம். சிட்னியில் ஏறத்தாழ இரண்டு வருடம் எடுத்தது இங்கே எட்டு மாதத்தில் முடிந்தது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போது வேகம் நல்லதுதான். ஆனால் இடம் எது என்பது அறிவிப்போடு சேர்ந்தே வந்துவிட்டது. சட்டத்திலேயே அந்த முகவரி எழுதப்பட்டிருந்தது. "வேண்டுமா, வேண்டாமா" என்று ஊர் வருடக்கணக்காக விவாதித்தது. "எங்கே, எப்படி" என்ற கேள்வி அந்த அடுக்குமாடித் தாய்மாரிடம் முறையாகப் போகவில்லை என்பதே என் எண்ணம். அரசுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்தச் சுகாதார நிலையம் ஏற்கெனவே பல வருடமாக ஊசி மாற்றிக் கொடுத்துவந்தது. தூள் பாவிப்பவர்கள் ஏற்கெனவே அங்கே வந்துகொண்டிருந்தனர். மைல் கணக்கில் தள்ளி ஓர் அறை திறந்தால் யாரும் நடந்து வரமாட்டார்கள், கையில் வாங்கியவன் அடுத்த சந்திலேயே ஏற்றிவிடுவான். இந்த நியாயத்தைப் பெற்றோரின் முன்னால் இருந்து, அவர்களுடைய மொழியில், கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்தில் முன்கூட்டியே பேசியிருந்தால் பிறகு வந்த கசப்பில் பாதி வந்திராது.

ஏனெனில் பிறகு நடந்தது இது. 2020 இல் வெளிவந்த முதலாவது மீளாய்வு ஒரே அறிக்கையில் இரண்டு உண்மைகளைச் சொன்னது. முதல் 18 மாதங்களில் குறைந்தது 21 உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதே காலத்தில் அயலில் வசிப்பவர்களிடையே ஆதரவு குறைந்தது, தெரு பாதுகாப்பாக இருக்கிறது என்ற உணர்வு முன்னேறவில்லை. 2023 இல் வந்த இரண்டாவது மீளாய்வு, ஏறத்தாழ 6,000 அளவுமீறல்கள் அங்கே கையாளப்பட்டதாகவும், 63 உயிர்கள் வரை காப்பாற்றப்பட்டதாகவும் சொன்னது. அவ்வருடமே அறை நிரந்தரமாக்கப்பட்டது. ஆதரிப்பவர்கள் உயிர்க் கணக்கை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் தெருவின் நிலையை மட்டும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் உண்மையாக இருக்கலாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வருவதில்லை. கூட்டத்தில் அப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்க வேண்டிவரும்.

அடுத்ததாக நகர மையத்தின் கதை. 2020 மீளாய்வே இரண்டாவது அறை ஒன்று மெல்பேண் நகருக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. கருத்துக் கேட்பதற்கு முன்னாள் பொலிஸ் மா அதிபர் கென் லே நியமிக்கப்பட்டார். பிளிண்டேர்ஸ் வீதியில் ஒரு கட்டடம் நாற்பது மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டது. கடைக்காரர் எதிர்த்தனர், குடியிருப்பாளர் இரண்டாகப் பிரிந்தனர், இறந்தவர்களின் பெற்றோர் ஆதரித்தனர். கென் லே 2023 இல் அறிக்கையைக் கொடுத்தார்: நாலு முதல் ஆறு பேர் வரை இருக்கக்கூடிய ஒரு சிறிய அறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். அந்த அறிக்கை உடனே வெளியில் வரவில்லை. 2024 ஏப்ரலில் முதல்வர் ஜசின்ரா அலன், பொருத்தமான இடம் கிடைக்கவில்லை, அறை வராது என்று அறிவித்தார். வேறு சுகாதாரச் சேவைகளுக்கென்று 95 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அந்த நாலு வருடத்திலும் நகரின் சந்துகளில் ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆக, ஓர் இடத்தில் இடம் எது என்று கேட்காமல் அவசரமாகத் திறந்தார்கள். இன்னோர் இடத்தில் கேட்டுக் கேட்டே காலத்தைக் கடத்திக் கடைசியில் கைவிட்டார்கள். இரண்டிலும் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. இக்கூட்டங்களில் "சமூகம்" என்ற சொல் ஆளுக்கு ஆள் வெவ்வேறு கருத்தில் பேசப்படுகிறது. கடைக்காரர் சொல்லும் சமூகம் வாடிக்கையாளர். கவுன்சிலர் சொல்லும் சமூகம் வாக்காளர். வீடு வாங்கியவர் சொல்லும் சமூகம் வீட்டு விலை. தூள் ஏற்றுபவனும், அவனுடைய தாயும், அவனைத் தூக்கிப்போகும் அம்புலன்ஸ்காரரும் சமூகமா இல்லையா என்று யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை.

ஊரில் எங்கள் சனசமூக நிலையக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். முன் வரிசைக் கதிரைகளில் வாத்தியாரும், சங்கக்கடை மனேச்சரும், விதானையாரும். கிணற்றுப் பிரச்சினை பேசுவார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடப்படாதவர்கள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தீர்மானம் "ஏகமனதாக" நிறைவேறும். புலம்பெயர்ந்து வந்த பிறகு வேலிக்கு அப்பால் நிற்பது நாங்கள். மொழி தெரியாது, வேலை நேரம், வாக்குரிமை இல்லை, "எங்களுக்கேன் வம்பு" என்று ஆயிரம் காரணம். ஆனால் எங்களுடைய சொந்த மண்டபத்துக்குள் வந்தால் நாங்களும் முன்வரிசைக் கதிரை போட்டுத்தான் இருக்கிறோம்.

சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்து விஸ்கி ஊற்றிக் குடிப்பவர்களை எவரும் போதைக்கு அடிமை என்று சொல்வதில்லை. "அவர் கொஞ்சம் பாவிப்பார்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். நித்திரைக்கென்று டயசெபாம் குளிசையை வருடக்கணக்காக விழுங்கும் மாமியையும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. விக்ரோறியாவில் ஒவ்வொரு வருடமும் 500 க்கு மேற்பட்டவர்கள் அளவுமீறலால் இறக்கின்றனர். அவற்றில் பெரும்பாலான மரணங்களில் டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுக்கும் பங்கு இருக்கிறது, டயசெபாம் அதில் முன்னணியில் நிற்கிறது. குடியும் குளிசையும் தூளும் ஒன்றோடொன்று சேரும்போதுதான் அநேகர் போகிறார்கள். ஊசி என்றால் மட்டும் எங்களுக்கு அது வேறு சாதி வருத்தம்.

இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது ஒரு தாயின் கடிதம். பெயரோ ஊரோ போட வேண்டாம் என்று கேட்டிருந்தார், போடவில்லை. மகனுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. "குளியலறைக் கதவின்ர பூட்டைக் கழட்டி வைச்சிருக்கிறம் தம்பி. அவன் உள்ள போனா நான் வெளியில நிண்டு தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிப்பன். சத்தம் நிண்டா கூப்பிடுவன். அவன் 'என்னம்மா' எண்டு சொன்னாப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்" என்று எழுதியிருந்தார். அவருடைய பகுதிக் கவுன்சில் போதைப்பொருள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டு ஒரு கடுதாசி அனுப்பியிருக்கிறது. கூட்டமும் வைக்கிறார்கள். போகப் பயம். "எங்கட ஆக்கள் ஆரும் வந்திருந்தா, இவ ஏன் இஞ்ச வந்தவ எண்டு கேட்பினம். அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

இந்தத் தாய் தன் வீட்டுக்குள் தனி ஆளாக ஒரு மேற்பார்வை அறையை நடத்திக்கொண்டிருக்கிறார். தாதிப் பயிற்சி இல்லை, ஒட்சிசன் இல்லை, மாறி நிற்க ஆள் இல்லை. ஊசி அறை பற்றி விக்ரோறியாவில் கருத்துச் சொல்ல இவரைவிடத் தகுதி உடையவர் யார்? ஆனால் கூட்டத்தில் கேட்கப்போவது இவருடைய குரல் அல்ல. எங்களில் ஒருவர் எழுந்து "தமிழ்ச் சமூகம் இதை முற்றாக எதிர்க்கிறது" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு இருந்துவிடுவார். அது பதிவேட்டிலும் ஏறிவிடும்.

அகதிக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயமும் இருக்கிறது. அதையும் பூசி மெழுகாமல் சொல்லவேண்டும். இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டால் தண்டனையோடு விடயம் முடியும். எம் பிள்ளைக்கு விசாவும் சேர்ந்து ஆடும். பிரஜாவுரிமை எடுக்காதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டத்தின் 501 ஆம் பிரிவின்கீழ் அவர் நன்னடத்தைச் சோதனையில் தவறியவர் ஆகிறார். 2014 டிசெம்பரிலிருந்து, அப்படித் தவறியவர் சிறையில் இருந்தால் விசாவை ரத்துச் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. படகில் வந்து தற்காலிக பிறிட்ஜிங் விசாவில் இருப்பவருக்குக் குற்றம் சாட்டப்பட்டாலே விசா ரத்தாகலாம். இதனால்தான் பல பெற்றோர் டொக்டரிடம்கூட வாய் திறப்பதில்லை. மேற்பார்வை அறைக்குள் சொந்தப் பாவனைக்கான சிறிய அளவு வைத்திருப்பதற்கு வழக்குப் போடமுடியாது என்று சட்டம் சொல்கிறது. அதே அளவோடு சந்துக்குள் நின்றால் பிடிக்கலாம். எந்த ஏற்பாடு எம் பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு அனுப்பும், எது வைத்தியரிடம் அனுப்பும் என்ற கேள்வி மற்றவர்களுக்கு ஒரு கொள்கைப் பிரச்சினை. எங்களுக்கு அது பிள்ளை இந்த நாட்டில் இருப்பானா இல்லையா என்ற பிரச்சினை.

என் நிலைப்பாட்டை ஒளிக்க விரும்பவில்லை. அறை வேண்டும் என்பவன் நான். ஆரம்பப் பாடசாலையின் வேலியோரம் வேண்டியதில்லை என்பவனும் நானே. இதற்கு மாறான கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பிரசுரிப்போம். ஆனால் எந்தக் கருத்தாக இருந்தாலும் கூட்டத்துக்குப் போகும்போது வெறும் "வேண்டும்", "வேண்டாம்" என்ற சொல்லோடு மட்டும் போகாதீர்கள். அந்த இரண்டு சொல்லையும் அதிகாரிகள் ஒரு கட்டத்துக்குள் எண்ணிப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் யார் நிற்பார்கள்? தெருவில் கிடக்கும் ஊசிகளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பொறுக்குவீர்கள், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்? அறைக்கு வருபவர் "விட்டுவிட விரும்புகிறேன்" என்று ஒரு நாள் சொன்னால் மெத்தடோன் சிகிச்சை அன்றைக்கே கிடைக்குமா, ஆறு கிழமை காத்திருக்கவேண்டுமா? விற்பவனைப் பொலிஸ் என்ன செய்யப்போகிறது? குடும்பத்தவருக்குத் தமிழில் பேச ஆள் உண்டா? இதில் கடைசிக் கேள்வியை எங்களைத் தவிர வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். கூட்டம் தொடங்கியபின் கேட்டால் "அடுத்த முறை" என்பார்கள். தெரிந்த அண்ணரையோ கோயில் தலைவரையோ உரைபெயர்க்க விடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் முன்னால் சொல்லக்கூடியதை மட்டும்தான் நீங்கள் சொல்வீர்கள். தொலைபேசியில் 131 450 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அரசாங்க உரைபெயர்ப்புச் சேவை, தமிழ் என்று சொன்னால் போதும். பாராளுமன்றக் குழுக்கள் கருத்துக் கேட்கும்போது வாக்குரிமை இல்லாதவரும், பிரஜாவுரிமை இல்லாதவரும் எழுதலாம். பெயரை வெளியிட வேண்டாம், இரகசியமாக வையுங்கள் என்று கேட்கவும் வழியுண்டு. கடிதம் எழுதிய தாய்க்கும் நான் இதையே எழுதியிருக்கிறேன். மண்டபத்துக்குப் போகவேண்டியதில்லை. எனக்கு எழுதிய அதே நாலு வரியை அவர்களுக்கும் எழுதினால் போதும். பூட்டைக் கழற்றியதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டங்கள் ஒரு பக்கம் நடக்கட்டும். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நலொக்ஸோனைக் கையில் வைத்திருங்கள். 2022 யூலையிலிருந்து அவுஸ்திரேலியா முழுவதும் அது இலவசம், டொக்டரின் துண்டு தேவையில்லை. திட்டத்தில் சேர்ந்துள்ள பாமசிகளில் கேட்கலாம். பாவிப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் தாய், தகப்பன், சகோதரம், கூட்டாளி எவரும் வாங்கலாம். ஊசியாகவும் இருக்கிறது, மூக்குக்குள் அடிக்கும் திரவமாகவும் இருக்கிறது. வீட்டுக்கு மூக்கில் அடிப்பது சுகம். பாமசியில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆள் எழும்பாவிட்டால் முதலில் 000 க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு, மருந்தை அடித்து, பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். மூச்சு நின்றிருந்தால் தொலைபேசியில் இருப்பவர் என்ன செய்வதென்று சொல்லித்தருவார், பயப்படாமல் செய்யுங்கள். எழும்பிவிட்டார் என்று நினைத்து அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பவேண்டாம். இந்த மருந்தின் வேலை அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரைதான். ஹெரோயின் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் நிற்கும், ஆள் மீண்டும் மயங்கலாம்.

விக்ரோறியாவில் இருப்பவர்கள் ஆலோசனைக்கு 1800 888 236 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், கட்டணம் இல்லை. குடும்பத்தவரும் எடுக்கலாம். தங்கள் கவுன்சிலில் இப்படியான கருத்துக்கேட்பு நடப்பதாகத் தெரிந்தவர்கள் திகதியையும் இடத்தையும் எமக்கு அறியத்தந்தால் அடுத்த இதழில் போடுவோம்.